தாவர டீசல் என்ஜினைத் தேய்க்குமா? காக்குமா?

லாரி டீசலில் ஓடுகிறது. பஸ் டீசலில் ஓடுகிறது. வயலில் டிராக்டர், கடலில் விசைப்படகு, மின்சாரம் நின்றதும் சத்தம் போடும் ஜெனரேட்டர் ஆகிய எல்லாவற்றுக்கும் டீசல்தான் உணவு.

இந்த உணவில் இப்போது ஒரு புதுச் சரக்கு கலக்கப்படுகிறது. அதன் பெயர் "பயோ டீசல்". நாம் அதைத் "தாவர டீசல்" என்று சொல்லலாம். பாமாயில், சோயா எண்ணெய், கடுகு இனத்து எண்ணெய், புங்க எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெய், பலகாரம் சுட்டு மீந்த எண்ணெய் ஆகியவற்றில் இருந்து இது தயாராகிறது.

இந்தோனேசியாவில் 2025-ம் ஆண்டு முதல் 100 லிட்டர் டீசலில் 40 லிட்டர் தாவர டீசல் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிரேசில் நாட்டில் 2025 ஆகஸ்டு முதல் 100-க்கு 15. இந்தியாவில் 2030-ம் ஆண்டுக்குள் 100-க்கு 5 கலக்க வேண்டும் என்று மத்திய அரசு 2018-ல் கொள்கை வகுத்தது.

ஒரு லாரியை நம்பி எத்தனை குடும்பங்கள்! சொந்தக்காரர் குடும்பம், டிரைவர் குடும்பம், கிளீனர் குடும்பம். என்ஜின் கெட்டுப்போய் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அந்த மாதம் மூன்று வீட்டிலும் கஷ்டம். ஆகவே லாரிக்காரர்களும் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்:

"தாவர டீசலை ஊற்றினால் என்ஜின் தேய்ந்து போகுமா?"

"நிச்சயம் தேயும். நாசில் அடைத்துக்கொள்ளும்" என்கிறார்கள் சிலர்.

"எண்ணெய்தானே! வழவழப்பாக இருக்கும். என்ஜினுக்கு நல்லதுதான்" என்கிறார்கள் வேறு சிலர்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உண்மை? பார்ப்போம்.

என்ஜினில் இரண்டு எண்ணெய்

டீசல் என்ஜினுக்குள் இரண்டு எண்ணெய்கள் ஓடுகின்றன. ஒன்று, எரிகிற எண்ணெய். மற்றொன்று, எரியாத எண்ணெய்.

எரிகிற எண்ணெய்தான் டீசல். அது டாங்கியில் இருந்து புறப்படுகிறது. பில்டரில் அழுக்கு நீங்குகிறது. பம்பு அதை அழுத்தித் தள்ளுகிறது. நாசில் வழியாகப் பனிபோலத் தூவப்படுகிறது. சிலிண்டருக்குள் எரிந்து தீர்கிறது.

எரியாத எண்ணெய்தான் "என்ஜின் ஆயில்". அது என்ஜினின் அடியில் உள்ள தொட்டியில் கிடக்கிறது. அங்கிருந்து மேலே ஏறி, பிஸ்டன், கிராங்க், பேரிங் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு மீண்டும் கீழே வருகிறது. மாட்டு வண்டி அச்சுக்கு மசகு எப்படியோ, அப்படி என்ஜினுக்கு இந்த ஆயில். இது இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு உரசி, சில நிமிடங்களில் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

இந்த இரண்டும் வேறு வேறு பாதை. ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் தாவர டீசலின் குணம் எளிதில் புரியும். முதல் பாதையில், அதாவது பம்பிலும் நாசிலிலும், அது நண்பன். இரண்டாவது பாதைக்குள், அதாவது என்ஜின் ஆயிலுக்குள், அது நுழைந்துவிட்டால் பகைவன்.

கடலை எண்ணெயில் ஓடிய என்ஜின்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் 1858-ல் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர். அவர் கண்டுபிடித்த என்ஜினுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1900-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு சிறிய டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது! அதை ஓட்டிக்காட்டியது ஓட்டோ கம்பெனி. பிரெஞ்சு அரசாங்கம்தான் அப்படிச் செய்து பார்க்கச் சொன்னது. ஆப்பிரிக்காவில் அதன் ஆட்சியில் இருந்த நாடுகளில் கடலை ஏராளமாக விளைந்தது. அங்கேயே விளையும் எண்ணெயில் அங்கேயே என்ஜின் ஓட்டலாமே என்பது அதன் ஆசை.

என்ஜின் மிகவும் சீராக ஓடியது. அது கடலை எண்ணெயில் ஓடுகிறது என்பது பார்த்தவர்களில் சிலருக்குத்தான் தெரிந்தது.

தாவர எண்ணெய் இன்று அற்பமாகத் தோன்றலாம், ஒரு நாள் அது பெட்ரோலிய எண்ணெயைப் போல முக்கியம் ஆகலாம் என்று டீசல் 1912-ல் கூறினார். மறு ஆண்டு, 1913 செப்டம்பரில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் காணாமல் போனார். கடலில் இருந்து அவருடைய பிணம்தான் கிடைத்தது.

நேரடியாக ஊற்றினால் என்ன ஆகும்?

"அப்படியானால் கடையில் கடலை எண்ணெய் வாங்கி லாரியில் ஊற்றலாமா?"

கூடாது. கண்காட்சியில் சில மணி நேரம் ஓடுவது வேறு. ஆண்டுக்கணக்கில் சரக்கு ஏற்றி ஓடுவது வேறு.

தாவர எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டியானது. நாசில் அதைப் பனிபோலத் தூவ முடியாது. பெரிய பெரிய துளிகளாக விழும். பெரிய துளி முழுவதும் எரியாது. எரியாத பகுதி கரியாகி நாசில் முனையில் படியும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளில் பிசின்போல ஒட்டும். ரிங் ஒட்டிக்கொண்டால் எரியாத எண்ணெய் பக்கவாட்டில் வழிந்து கீழே உள்ள என்ஜின் ஆயிலில் கலக்கும்.

பிறகு என்ன நடக்கும் என்பது வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பலகாரம் சுடும் கடாயின் ஓரத்தைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பிசுக்கு ஒட்டி இருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் பட்டுக் கெட்டியானதால் வந்த பிசுக்கு அது. அதே பிசுக்குதான் என்ஜினுக்குள்ளும் உண்டாகும். ஆயில் குழம்பாகிவிடும். ஆயில் போக வேண்டிய சிறு துவாரங்கள் அடைபடும். பேரிங் போய்விடும்.

தாவர எண்ணெயை அப்படியே ஊற்றுபவர் என்ஜினுக்குக் குழி தோண்டுகிறார் என்றே சொல்ல வேண்டும். "தாவர டீசலால் நாசில் அடைக்கும்" என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்து கிளம்பியதுதான்.

எண்ணெய் எப்படி டீசல் ஆகிறது?

தாவர டீசல் என்பது தாவர எண்ணெய் அல்ல. எண்ணெயை ரசாயன முறையில் மாற்றிச் செய்த வேறு ஒரு திரவம்.

எண்ணெயின் ஒவ்வொரு அணுக்கூட்டமும் மூன்று வால் உள்ள ஒரு பிராணி போன்றது. மூன்று வால்களும் கிளிசரின் என்ற ஒரு முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். கெட்டித்தன்மைக்குக் காரணம் அதுதான். எண்ணெயோடு மெத்தனால் என்ற சாராயத்தையும் சிறிதளவு காரத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் மூன்று வால்களும் தனித்தனியே பிரிந்துவிடும். பிரிந்த வால்கள்தான் தாவர டீசல். மிஞ்சிய கிளிசரின் அடியில் தங்கும். அது சோப்புக்கும் மருந்துக்கும் உதவும்.

100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ மெத்தனால் போதும். சுமார் 100 கிலோ தாவர டீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். இப்படிக் கிடைக்கும் திரவம் சாதாரண டீசலைப்போல நீர்த்து இருக்கும். நாசிலுக்கு அதைத் தூவுவதில் கஷ்டம் இல்லை.

இந்த முறைக்கு 1937-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் ஷவான் என்ற விஞ்ஞானி காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் லூவேன் நகருக்கும் இடையே ஒரு பயணிகள் பஸ் இந்த முறையில் மாற்றிய பாமாயிலில் ஓடியது. ஆகவே இது நேற்று முளைத்த சரக்கு அல்ல.

கந்தகம் போனது, வழவழப்பும் போனது

இனி நண்பன் கதைக்கு வருவோம்.

டீசல் பம்புக்குள் இருக்கும் பாகங்கள் மிக நுட்பமானவை. ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுக்கு "மைக்ரான்" என்று பெயர். பம்பின் தண்டுக்கும் அது ஓடும் துவாரத்துக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். புது மாதிரி என்ஜின்களில் டீசலின் அழுத்தம், லாரி டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைப்போலச் சுமார் 200 மடங்கு.

இவ்வளவு நெருக்கத்தில், இவ்வளவு அழுத்தத்தில் உரசும் இரும்புக்கு மசகு எது? புது மாதிரிப் பம்புகள் பலவற்றில் தனி ஆயில் கிடையாது. ஓடுகிற டீசலேதான் மசகு! நாசிலுக்கும் அப்படித்தான்.

முன்பு இது ஒரு பிரச்சினையாக இல்லை. டீசலில் இயற்கையாகவே சில வழவழப்பான பொருட்கள் இருந்தன. ஆனால் அதே டீசலில் கந்தகமும் இருந்தது. கந்தகம் எரிந்தால் வரும் புகை நெஞ்சுக்குக் கெடுதல். ஆகவே உலகம் எங்கும் கந்தகத்தை நீக்கினார்கள்.

இந்தியாவில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு கிலோ டீசலில் 10 கிராம் வரை கந்தகம் இருக்கலாம் என்று இருந்தது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் "பாரத் 6" டீசல் வந்தது. அதில் ஒரு கிலோவுக்கு 10 மில்லி கிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அதாவது முன்பு இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

நுரையீரலுக்கு இது நல்ல செய்தி. பம்புக்குக் கெட்ட செய்தி. கந்தகத்தை நீக்கும்போது வழவழப்புப் பொருட்களும் சேர்ந்து போய்விடுகின்றன. அழுக்கோடு சேர்த்துச் சாயத்தையும் வெளுத்துவிட்ட கதைதான்.

சுவீடன் நாட்டில் 1990-களின் தொடக்கத்திலேயே கந்தகம் நீக்கிய டீசல் வந்தது. அங்கே வண்டிகளின் பம்புகள் வரிசையாகத் தேய்ந்து பழுதாயின. அப்போதுதான் உலகத்துக்குப் புத்தி வந்தது. அதன் பிறகு டீசலில் வழவழப்பு மருந்து சேர்க்கும் வழக்கம் பரவியது.

உருண்டைச் சோதனை

எந்த டீசல் வழவழப்பானது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதற்கு ஓர் அழகான சோதனை உண்டு.

6 மில்லி மீட்டர் குறுக்களவு உள்ள ஓர் எஃகு உருண்டை. அதன் அடியில் ஓர் எஃகுத் தட்டு. இரண்டும் டீசலில் மூழ்கி இருக்கும். டீசலின் சூடு 60 டிகிரி. உருண்டையைத் தட்டின்மேல் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக உரசுவார்கள். 75 நிமிடம் இப்படி நடக்கும். பிறகு உருண்டையில் விழுந்த காயத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து அளப்பார்கள். காயம் 460 மைக்ரானுக்கு மேல் போனால் அந்த டீசல் தேறவில்லை.

கந்தகம் நீக்கிய வெறும் டீசல் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். தாவர டீசலோ மிக நன்றாகத் தேறும். அதுமட்டும் அல்ல. தோற்றுப்போன டீசலில் 100-க்கு 1 அல்லது 2 பங்கு தாவர டீசல் சேர்த்தாலே போதும். அதுவும் தேறிவிடும்.

காரணம் என்ன? தாவர டீசலின் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை இரும்பைப் பற்றிக்கொள்ளும். வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கோடிக்கணக்கான துகள்கள் இப்படி ஒட்டிக்கொண்டால் இரும்பின்மேல் பாய் விரித்தது மாதிரி ஆகிறது. இரும்பும் இரும்பும் நேரே உரசுவது இல்லை.

"எண்ணெய்தானே, நல்லதுதான்" என்று சொன்னவர்களின் பாதி உண்மை இதுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. தாவர டீசலில் பிராணவாயு கலந்து இருக்கிறது. அதனால் அது எரியும்போது கரி குறைவாக வருகிறது. கரி என்ஜின் ஆயிலில் சேர்ந்தால் மணல் தாளைப்போல உலோகத்தைத் தேய்க்கும். கரி குறைந்தால் அந்தத் தேய்வும் குறையும்.

பகைவன் நுழையும் வழி

இனி மறுபாதி உண்மை.

சிலிண்டருக்குள் தூவும் எரிபொருளில் மிகச் சிறு பகுதி எரியாமல் சுவரில் ஒட்டும். அது ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். எந்த என்ஜினிலும் இது கொஞ்சம் நடக்கும். சாதாரண டீசலாக இருந்தால், ஆயிலின் சூட்டில் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும்.

தாவர டீசல் அப்படிப் போகாது. 300 டிகிரிக்கு மேல் போனால்தான் அது கொதிக்கும். ஆயிலின் சூடோ சுமார் 100 டிகிரிதான். ஆகவே வந்த விருந்தாளி திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிடுகிறார். நாளுக்கு நாள் அளவு கூடுகிறது.

2020-க்குப் பிறகு வந்த புது வண்டிகளில் இந்த ஆபத்து சற்று அதிகம். அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வடிகட்டி நிரம்பியதும் உள்ளே சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காகப் பல என்ஜின்கள் கடைசி நேரத்தில் கொஞ்சம் எரிபொருளைக் கூடுதலாகத் தூவுகின்றன. அதில் ஒரு பகுதி சுவரில் பட்டுக் கீழே வழிகிறது.

தங்கிவிட்ட தாவர டீசல் என்ன செய்யும்? மூன்று கெடுதல்கள்:

முதலாவது, ஆயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தாங்காது.

இரண்டாவது, நாளடைவில் காறிப்போகும். பழைய எண்ணெயில் காறல் வாடை வருகிறதே, அதேதான். காறினால் புளிப்பு, அதாவது அமிலம், உண்டாகும். அமிலத்தை முறிக்க என்ஜின் ஆயிலில் மருந்து சேர்த்து இருக்கிறார்கள். அந்த மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு அமிலம் பேரிங்கில் உள்ள செம்பையும் ஈயத்தையும் அரிக்கும்.

மூன்றாவது, கடாயில் பார்த்தோமே, அந்தப் பிசுக்கு. நீர்த்த ஆயில் நாளடைவில் தலைகீழாகக் கெட்டியாகிவிடும்.

இதற்கு மருந்து என்ன? ஆயிலை முன்னதாகவே மாற்றுவதுதான். 100-க்கு 100 தாவர டீசலில் ஓடும் வண்டிகளுக்கு, ஆயில் மாற்றும் கெடுவைப் பாதியாகக் குறைக்கும்படி சொல்லும் கம்பெனிகளும் உண்டு. 100-க்கு 5 கலந்தால் இந்தக் கெடுதல் மிகச் சிறிது.

பித்தளையும் ரப்பரும்

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அதற்காகத்தான் ஈயம் பூசுகிறோம். காறிப்போன தாவர டீசலுக்கும் பித்தளை, செம்பு, நாகம் ஆகியவை ஆகாது. அவை அரிக்கும். அதோடு டீசலும் கெடும். பழைய மாதிரி ரப்பர்க் குழாய்கள் தாவர டீசலில் ஊறி உப்பிப்போகும், அல்லது இளகிக் கசியும்.

தாவர டீசல் ஈரத்தையும் இழுக்கும். சாதாரண டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரை அது தன்னுள் வைத்துக்கொள்ளும். தண்ணீர் இருந்தால் துரு வரும். டாங்கியின் அடியில் பாசிபோலக் கிருமிகளும் வளரும்.

இன்னொரு குணம் வேடிக்கையானது. அது நல்ல அழுக்கு நீக்கி! பழைய டாங்கியில் பல ஆண்டுகளாக ஒட்டிக் கிடந்த அழுக்கை எல்லாம் கரைத்துக் கிளப்பிவிடும். அந்த அழுக்கு நேரே வந்து பில்டரில் அடைக்கும். வண்டி இழுக்காமல் திணறும். "தாவர டீசல் போட்டேன், வண்டி நின்றுவிட்டது" என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு நாசிலைக் கழற்ற வேண்டியது இல்லை. பில்டரை மாற்றினால் சரியாகிவிடும்.

பஸ்கள் சொன்ன சாட்சி

வாதத்தைக் கேட்டோம். சாட்சி வேண்டாமா?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊர். அங்கே ஒரே மாதிரியான 9 பஸ்களை எடுத்துக்கொண்டார்கள். 5 பஸ்களுக்கு, 100-க்கு 20 தாவர டீசல் கலந்த டீசல். மற்ற 4 பஸ்களுக்குச் சாதாரண டீசல். இரண்டு ஆண்டுகள் ஒரே தடத்தில் ஓட்டினார்கள். ஒவ்வொரு பஸ்சும் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியது. முடிவு 2006-ல் வெளியாயிற்று.

பழைய என்ஜின் ஆயிலை எடுத்து ஆராய்ந்தார்கள். ஆயிலில் எவ்வளவு இரும்பு, செம்பு, ஈயத் துகள் இருக்கிறது என்று பார்த்தால் என்ஜின் எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்துவிடும். டாக்டர் ரத்தம் எடுத்து நோயைக் கண்டுபிடிப்பது மாதிரிதான். கலப்பு டீசலில் ஓடிய பஸ்களில் கூடுதல் தேய்வு இல்லை. கரி குறைவாகவே இருந்தது. ஆனால் சில தடவை பில்டர் அடைத்துக்கொண்டது.

நம் நாட்டிலும் சோதனை நடந்து இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர் அவினாஷ் குமார் அகர்வால் ஒரே மாதிரியான இரண்டு என்ஜின்களை 512 மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஒன்றுக்கு டீசல். மற்றொன்றுக்கு, ஆளி விதை எண்ணெயில் செய்த தாவர டீசல் 100-க்கு 20 கலந்த டீசல். கலப்பு டீசலில் ஓடிய என்ஜினின் முக்கிய பாகங்களில் தேய்வு 100-க்கு 30 வரை குறைவாக இருந்தது. இது 2003-ல் வெளியான முடிவு.

2002 டிசம்பர் 31-ந் தேதி டெல்லிக்கும் அமிர்தசரசுக்கும் இடையே சதாப்தி எக்ஸ்பிரஸ் ரெயில், 100-க்கு 5 தாவர டீசல் கலந்து சோதனையாக ஓட்டப்பட்டது. அதுவும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

மின்னசோட்டா தந்த பாடம்

இதற்கு மாறான சாட்சியும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 2005 செப்டம்பரில் ஒரு சட்டத்தை அமல் செய்தது. டீசலில் 100-க்கு 2 தாவர டீசல் கலக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். வெறும் 2 பங்குதான். ஆனால் டிசம்பர் மாதத்தில் லாரிகள் வழியில் நின்றன. பில்டர்கள் அடைத்துக்கொண்டன. அரசாங்கம் சட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

என்ன ஆயிற்று? ஆராய்ந்தபோது, சரக்கு சுத்தமாக இல்லை என்று தெரிந்தது. கிளிசரின் சரியாகப் பிரிக்கப்படவில்லை. கடும் குளிரில் அது உறைந்து பில்டரை அடைத்துவிட்டது.

போல்டரில் 20 பங்கு கலந்தும் என்ஜின் தேயவில்லை. மின்னசோட்டாவில் 2 பங்கு கலந்தும் லாரி நின்றது. ஆகவே அளவு மட்டும் முக்கியம் அல்ல. சுத்தம் அதைவிட முக்கியம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

2003-ம் ஆண்டு மத்தியத் திட்டக்குழு ஒரு பெரிய திட்டம் போட்டது. தரிசு நிலம் எங்கும் காட்டாமணக்குப் பயிரிடுவது, 2011-12-க்குள் டீசலில் 100-க்கு 20 கலப்பது என்பது திட்டம். தமிழ்நாட்டிலும் பல விவசாயிகள் நம்பிப் பயிரிட்டார்கள். ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாத தரிசில் செடி உயிரோடு இருந்ததே தவிர, போதிய விதை தரவில்லை. திட்டம் காகிதத்தில் நின்றுவிட்டது.

சமையல் எண்ணெயை எடுத்துக் கலக்கவும் முடியாது. இந்தியாவுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. வாயில் போகிற எண்ணெயை லாரிக்கு ஊற்ற முடியுமா?

ஆகவே இப்போது அரசாங்கத்தின் கண் பழைய சமையல் எண்ணெய்மேல் விழுந்து இருக்கிறது. ஓட்டல்களில் பல தடவை சுட்ட எண்ணெய் உடம்புக்கு ஆகாது. அதைச் சேகரித்துத் தாவர டீசல் ஆக்கும் திட்டத்தை 2018-ல் உணவுப் பாதுகாப்புத் துறை தொடங்கியது. ஆனாலும் 2024-ல் நம் நாட்டு டீசலில் கலந்த அளவு 100 லிட்டருக்கு ஒரு லிட்டரைக்கூட எட்டவில்லை.

போலிச் சரக்கு, உஷார்!

விலை குறைவு என்று சொல்லி, "பயோ டீசல்" என்ற பெயரில் வேறு ஏதேதோ எண்ணெயை விற்பவர்கள் உண்டு. குஜராத் மாநிலத்தில் 2021-ம் ஆண்டு இப்படிப்பட்ட அனுமதி இல்லாத பங்குகள்மேல் அதிகாரிகள் திடீர்ச் சோதனை நடத்தினார்கள். தொழிற்சாலைகளுக்கான எண்ணெயை, லாரிக்கான பயோ டீசல் என்று விற்றது தெரியவந்தது.

அப்படிப்பட்ட எண்ணெயில் வழவழப்புக்கு உத்தரவாதம் இல்லை. சுத்தத்துக்கும் உத்தரவாதம் இல்லை. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பம்புக்கும் நாசிலுக்கும் பெரும் தொகை அழ வேண்டி வரும்.

என்ன செய்ய வேண்டும்?

லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

1. எண்ணெய்க் கம்பெனிப் பங்கில் விற்கும் டீசலில் சிறிதளவு தாவர டீசல் கலந்து இருந்தால் பயப்பட வேண்டாம். இந்தியத் தர விதி 100-க்கு 7 வரை அனுமதிக்கிறது. அதனால் பம்புக்கு நன்மைதான்.

2. அதற்கு மேல் கலப்பதாக இருந்தால் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். கம்பெனி எவ்வளவு வரை சம்மதிக்கிறது என்று அதில் இருக்கும். மீறினால் உத்தரவாதம் போய்விடலாம்.

3. சமையல் எண்ணெயை, புதிதானாலும் பழையதானாலும், நேரே டாங்கியில் ஊற்றாதீர்கள்.

4. முதல் தடவை அதிகக் கலப்புக்கு மாறும்போது ஒரு பில்டரைக் கையில் வைத்திருங்கள். பழைய ரப்பர்க் குழாய்களைத் தடவிப் பாருங்கள். உப்பியோ இளகியோ இருந்தால் மாற்றுங்கள்.

5. ஆயில் பார்க்கும் கம்பியை அடிக்கடி இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எல்லோரும் கவலைப்படுகிறோம். ஆயில் மட்டம் ஏறினால் "குறையவே இல்லை, நல்ல என்ஜின்" என்று மகிழ்கிறோம். மகிழ வேண்டாம். ஏறியது ஆயில் அல்ல, எரிபொருள். உடனே ஆயிலை மாற்றுங்கள்.

6. உழவு முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் டிராக்டரிலும், எப்போதோ ஓடும் ஜெனரேட்டரிலும் கலப்பு டீசலை நெடுநாள் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைப்பது நல்லது அல்ல. டாங்கியின் அடியில் தங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுங்கள்.

முடிவு

தாவர டீசல் என்ஜினைத் தேய்க்குமா, காக்குமா என்று கேட்டோம். சுத்தமாகச் செய்து, அளவோடு கலந்து, ஆயிலை நேரத்தில் மாற்றினால் அது காக்கும். அரைகுறையாகச் செய்து, கண்டபடி ஊற்றி, ஆயிலைக் கவனிக்காமல் விட்டால் தேய்க்கும்.

இதில் லாரிக்காரர் கையில் இருப்பது ஒரு பகுதிதான். ஆயில் மாற்றுவதும் பில்டர் மாற்றுவதும் அவர் வேலை. சரக்கு சுத்தமானதா என்று பங்கில் நின்று அவர் பார்க்க முடியாது. அது அரசாங்கத்தின் வேலை. 100-க்கு 5 கலக்க 2030 வரை கெடு வைத்து இருக்கிறார்கள். எண்ணெய் போதிய அளவு கிடைக்குமா என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். கிடைக்கும் எண்ணெயைச் சோதித்துப் பார்க்கப் போதிய சோதனைச் சாலைகள் இருக்கின்றனவா, கலப்படக்காரர்களைப் பிடிக்கப் போதிய ஆட்கள் இருக்கிறார்களா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். மின்னசோட்டாவில் லாரிகள் நின்ற பிறகுதான் பார்த்தார்கள்.